நிதானம் தட்டினான்

விற்கிறவன் வாய் ஓயாமல் பேசினால் முதலாளிக்குச் சந்தேகம் வரும். பேசாமல் இருந்தால் அதைவிடப் பெரிய சந்தேகம் வரும். அன்று காலை ஊருக்கு வெளியே பூட்டிக் கிடந்த அந்தப் பட்டறையின் முன், காரைத் தூக்கும் பழைய லிஃப்ட் ஒன்றை வாங்க அவர் வந்து இறங்கியபோது, விற்கிறவன் ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டான்.

"உள்ளதான் இருக்கு சார். போய்ப் பாத்துக்குங்க."

"நீ வரலையா?"

"நான் பாத்ததுதானே சார்."

உள்ளே பழைய ஆயிலும் ஈர இரும்பும் கலந்த நாற்றம். முப்பது வருடம் சொந்தப் பட்டறை நடத்திய முதலாளிக்கு அது நாற்றமே அல்ல, பிறந்த வீட்டு வாசனை. பட்டறையை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்து ஐந்து வருடம் ஆகியும் பால்காரர் முதல் சம்பந்தி வரை எல்லோருக்கும் அவர் முதலாளிதான். கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

லிஃப்ட் மூலையில் மடங்கிக் கிடந்தது. இரண்டு நீளமான மேடைகள், அவற்றுக்கு அடியில் கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரியும் கால்கள். இடுப்பு உயரத்துக்குமேல் போகாத குட்டை ரகம். அவருக்கு வேண்டியதும் அதுதான். வீடு கட்டும்போது மாடிப் படுக்கையறை தாராளமாக இருக்கட்டும் என்று கீழே கார் ஷெட்டின் உயரத்தில் கை வைத்தவர் அவரே. ஷெட்டின் கூரை ஏழரை அடிதான். பெரிய லிஃப்ட் எதுவும் அதற்குள் நுழையாது. தரையில் படுத்து வேலை பார்க்க முதலாளியின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் வருவான், இருவரும் சேர்ந்து பழைய காரைப் பிரித்து மாட்டுவார்கள். அவர்கள் மனம்விட்டுப் பேசிக்கொள்வது அந்தக் காருக்கு அடியில் மட்டும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை இழக்க முதலாளிக்கு மனமில்லை.

டேப்பை நீட்டி மூன்று முறை அளந்தார். நீலப் பெயின்ட் புதிதாக அடித்திருந்தது. போல்ட் தலைகளின் மேல்கூட அப்பியிருந்தார்கள்.

"தூக்கிக் காட்டுப்பா," என்றார்.

"கரண்ட் கட் பண்ணிட்டாங்க சார். ஆனா மோட்டார் நல்லா ஓடும். டயர் மாத்த மட்டுந்தான் வெச்சிருந்தோம்."

"அடியில போய் வேலை பாக்கறதில்லையா?"

"யாரும் போறதில்ல."

"ஏன்?"

விற்கிறவன் தெருவைப் பார்த்தான். "போனா பக்கத்துல இன்னொருத்தர் படுத்திருக்கற மாதிரி இருக்காம். பசங்க சொல்லுவாங்க."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். வேலைக்காரர்கள் சொல்லும் சாக்குகளில் அவர் கேட்காதது எதுவும் இல்லை. பேரம் அரை நிமிடத்தில் முடிந்தது. அவர் கேட்ட விலைக்கே அவன் தலையாட்டினான். அப்போதாவது அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். மலிவாகக் கிடைத்த சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

ஷெட்டின் தரையைத் துளைத்து லிஃப்டை போல்ட் போட்டு இறுக்கினார்கள். கூரையிலிருந்து ஒரு கயிற்றில் ரப்பர் பந்து ஒன்றைத் தொங்கவிட்டார் முதலாளி. கார் மேலே ஏறும்போது அதன் கூரை பந்தைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மாடி இடிபடும். அந்த யோசனைக்காக மனைவி அவரைப் பாராட்டவில்லை. "படுக்குற ரூமுக்குக் கீழ பட்டறையா? உங்களுக்கு ஓய்வுங்கறது ஜாதகத்துலயே இல்ல," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

முதல் ஞாயிறு. மகன் மோட்டார் சுவிட்சை அழுத்தினான். லிஃப்ட் காரோடு எழுந்தது. ஒவ்வொரு படிக்கும், மேடை கீழே விழாமல் தாங்கும் பூட்டின் பல் விழுந்தது. டக். டக். டக். பந்து கார் கூரையைத் தொட்டதும் நிறுத்தினான்.

"இப்பக் கேளு," என்றார் முதலாளி. அவருக்குக் குஷி வந்துவிட்டது. "அடியில போறவன் ஸ்பேனரால மேடையில மூணு தட்டு தட்டணும். மூணுன்னா உள்ள போறேன்னு அர்த்தம். வெளிய வந்தப்புறம் ரெண்டு தட்டு. அந்த ரெண்டு கேக்குற வரைக்கும் எவனும் இறக்குற கைப்பிடியத் தொடக்கூடாது. என் பட்டறையில நான் வெச்ச சட்டம்."

அந்தச் சட்டம் அவர் வைத்ததல்ல. அதை வைத்தவன் வேறொருவன். அது பின்னால் வரும்.

"நல்ல ஏற்பாடுப்பா. யாரும் மறக்க மாட்டாங்களா?"

"ஒருத்தன் மறந்தான். பதினொரு வருஷம் முன்னாடி, நீ வெளியூர்ல படிச்சிட்டிருந்தப்ப. நிதானம்னு கூப்பிடுவோம். தட்டாம உள்ள போனான், பூட்டையும் போடல. நான் என்ன பண்ண முடியும்? அவனோட கவனக்குறைவு, அவனே போய்ச் சேந்தான்."

டொக்.

டொக்.

டொக்.

மகன் அப்பாவைப் பார்த்தான். அப்பாவின் கையில் ஸ்பேனர் இல்லை.

"இரும்பு சூடு தணியுது," என்றார் முதலாளி. அவர் முகத்தில் அதுவரை இருந்த குஷி இல்லை. சூட்டில் விரிந்த இரும்பு தணியும்போது சத்தம் போடும், அது உண்மைதான். ஆனால் அது எண்ணிப் போடாது. இந்த மூன்றுக்கும் நடுவில் இருந்த இடைவெளி நூல் பிடித்த மாதிரி ஒரே அளவாக இருந்தது. அந்தத் தட்டும் கை அவருக்குத் தெரியும்.

புதன்கிழமை மதியம் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கீழ என்ன தட்டிக்கிட்டே இருக்கீங்க? நேத்தும் இதே நேரம். முந்தாநாளும் இதே நேரம்."

முதலாளி கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால். பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போகும் நேரம்.

"மூணு தட்டுறீங்க, அப்புறம் நிறுத்திடுறீங்க. அடுத்தது எப்ப வரும்னு மனசு காத்துக்கிட்டே கிடக்கு. ஒண்ணு தட்டுங்க, இல்ல விடுங்க."

அவர் எழுந்து ஷெட்டுக்குப் போனார். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே ஒரு குளிர். ஈர இரும்பின் வாசனையோடு இன்னொரு வாசனையும் இருந்தது. கை கழுவுகிற மலிவு சோப்பின் வாசனை. பட்டறையில் சாப்பாட்டுக்கு முன் அதை ஐந்து நிமிடம் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற ஒருத்தன் இருந்தான்.

டார்ச் அடித்துக் குனிந்தார். இடது மேடையின் உள்பக்கம் நீலப் பெயின்ட் உரிந்து, அடியில் மஞ்சள் தெரிந்தது. நகத்தால் சுரண்டினார். மஞ்சளுக்கு நடுவில் ஒரு ஒட்டு. உடைந்த காலுக்கு வெல்டிங் வைத்து, மேலே ஒரு குதிரை லாடம் மாதிரி வளைத்து முடித்திருந்தது.

அது அவர் வைத்த ஒட்டு.

பழைய இரும்புக்காரனிடம், "இதை வெட்டித்தான் எடுக்கணும், முழுசா யாருக்கும் விக்காத," என்று படித்துப் படித்துச் சொல்லித் தலை முழுகிய லிஃப்ட். நான்கு கை மாறி, நிறம் மாறி, அவரே தேடிப்போய், அளந்து பார்த்து, தன் வீட்டுக்குள் கொண்டுவந்து தரையோடு இறுக்கியிருந்தார்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். இதை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அதில் ஒருவன் செத்துப்போனான்.

நிதானம் என்பது அவன் பெயரல்ல. மற்றவர்கள் இரண்டு வண்டி முடிக்கிற நேரத்தில் அவன் ஒரு வண்டி முடிப்பான். "என்ன நிதானம், விடிஞ்சுடுமா?" என்று முதலாளிதான் கிண்டலாக ஆரம்பித்தார், அதுவே நிலைத்துவிட்டது. மூன்று தட்டு, இரண்டு தட்டு என்ற பழக்கத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவன் அவன்தான். லிஃப்டின் பூட்டை ஒவ்வொரு தடவையும் விடுவிப்பதற்கு நேரம் ஆகிறது என்று முதலாளி ஒரு கம்பியால் பூட்டை இழுத்துக் கட்டிவைத்தார். நிதானம் அதை அவிழ்ப்பான். இவர் மறுபடி கட்டுவார். "இன்னொரு தடவை அவுத்தா நாளைலேருந்து வராத," என்றார் ஒரு நாள். அதற்குப் பிறகு அவன் அவிழ்க்கவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

அன்று பன்னிரண்டே முக்கால். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வண்டிக்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். மூன்று தட்டு கேட்டது. முதலாளி நன்றாகவே கேட்டார். இரண்டு தட்டு இன்னும் கேட்கவில்லை. இவனுக்கு வெளியே வர நாள் பிடிக்கும் என்று எரிச்சல். சத்தம் போட்டால் நகர்ந்துவிடுவான் என்று, "இறக்குறேன்டா!" என்று கத்திக்கொண்டே கைப்பிடியை இழுத்தார். பூட்டு தாங்கியிருக்கும். பூட்டுத்தான் கம்பியில் கட்டுண்டு கிடந்ததே.

அதன்பின் அவர் செய்த முதல் வேலை கம்பியை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டது. இரண்டாவது வேலை, வந்தவர்களிடம் சொன்னது: "தட்டவே இல்லைங்க. பூட்டும் போடல." விசாரணைத் தாளில் எழுதினார்கள்: சொந்தக் கவனக்குறைவு. நிதானம் என்று பேரெடுத்தவனுக்குக் கடைசியில் கிடைத்த பட்டம் அது.

முதலாளி டார்ச்சை மெல்லப் பூட்டின் பக்கம் திருப்பினார்.

பூட்டில் ஒரு கம்பி கட்டியிருந்தது. துருவில்லாத கம்பி. முனை இடது பக்கமாக மூன்று சுற்று முறுக்கியிருந்தது.

முதலாளி இடதுகைக்காரர். பட்டறையில் அப்படி முறுக்குகிறவர் அவர் ஒருவர்தான்.

அவிழ்த்து எறிந்தார். வியாழக்கிழமை மறுபடி இருந்தது. அவிழ்த்து, துண்டு துண்டாக வெட்டி, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை மறுபடி இருந்தது.

விற்றவனுக்குப் போன் செய்தார். நீண்ட நேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"திருப்பி எடுத்துக்கப்பா. பணம்கூட வேணாம்."

"வேணாம் சார்." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எங்களுக்கு வித்தவரு ஒண்ணு சொன்னாரு. அது யாரையோ தேடிக்கிட்டிருக்குன்னு. அது தேடுற ஆளு நாங்க இல்லைன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கும்போல, ஒண்ணும் பண்ணல. நீங்க இல்லைன்னா உங்களயும் ஒண்ணும் பண்ணாது சார்."

முதலாளி போனை வைத்தார்.

அதற்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நல்லவேளை, கடினமான விஷயமும் இல்லை. ஒரு வாக்கியம். அதைக் கேட்க வேண்டியவள் இதே ஊரில்தான் இருந்தாள். சனிக்கிழமை காலை சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டார்.

நிதானத்தின் மனைவி வீட்டு முன்னறையில் ஊராரின் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சூடான துணி வாசனை. சுவரோடு மடித்து அடுக்கிய துணிகள் தோள் உயரத்துக்கு நின்றன. அவரைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்மா."

"பதினொரு வருஷம் கழிச்சா முதலாளி?" அவள் குரலில் கோபம் இல்லை. "வந்ததும் நல்லதுதான். ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அப்ப உங்ககிட்ட நெருங்க முடியல."

"கேளும்மா."

"அவரு சோறு திங்க உக்காந்தாக்கூட மேசையில மூணு தடவை தட்டிட்டுத்தான் உக்காருவாரு. கேலி பண்ணுவோம். குளிக்கப் போனாலும் கதவுல தட்டிட்டுப் போவாரு. அவரு தட்டாம உள்ள போனாருன்னு எழுதுனாங்க. என் பையன அவன் கூட்டாளிங்க அதச் சொல்லியே கிண்டல் பண்ணுனாங்க, உங்கப்பன் அசட்டையா செத்தவன்னு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம் முதலாளி. நீங்க அங்க இருந்தீங்க. அவரு தட்டுனாரா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்தது. இதைச் சொல்லத்தான் அவர் வந்தார். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்த கேள்வி கம்பியைப் பற்றி வரும். மகனுக்குத் தெரிந்துவிடும். முதலாளி என்று கூப்பிடுகிற வாய்களெல்லாம் வேறு பேர் வைக்கும்.

"எனக்குக் கேக்கலம்மா," என்றார்.

அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் துணியின்மேல் வைத்தாள்.

"சரி," என்றாள். "கேக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல் அவரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. மகன் வரும்போது வீட்டில் ஒரே கூச்சல். மாடிப் படுக்கையறையில், கட்டிலுக்கு அடியில் தரை வீங்கி ஓடு விரிசல் விட்டிருந்தது. அம்மா வாசலில் நின்று, "வீடு இடிஞ்சு விழட்டும், அப்பவாவது முதலாளிக்குப் புத்தி வருதா பாப்போம்," என்று கத்திக்கொண்டிருந்தாள்.

கீழே ஷெட்டில் லிஃப்ட் தானாக எழுந்திருந்தது.

ரப்பர் பந்து கார் கூரைக்கும் ஷெட் கூரைக்கும் நடுவில் நசுங்கித் தோசைபோல் ஆகிவிட்டது. காரின் கூரை உள்ளே குழிந்திருந்தது. மேலே சிமென்ட் பொரிந்து விழுந்துகொண்டிருந்தது. அப்பாவும் மகனும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு சில்லு விழுந்தது.

மகன் ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்தான். இறங்கவில்லை. மறுபடி இழுத்தான்.

"அப்பா, பூட்டு மாட்டிக்கிச்சு. யாராவது அடியில போய் விடுவிக்கணும். நான் போறேன்."

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சக்கரப் பலகையைக் காலால் இழுத்தான். முதலாளிக்கு அப்போது எல்லாம் விளங்கியது. கேட்கும் என்று அவள் சொன்னது இதைத்தான். மகன் உள்ளே போவான், கைப்பிடிக்குப் பக்கத்தில் தான் நிற்க வேண்டும், மூன்று தட்டு கேட்கும்.

"நீ போகக்கூடாது!"

"ஏம்ப்பா இப்படிக் கத்துறீங்க?"

"எனக்குத்தான் இந்த ரகம் தெரியும். நான் போறேன். நீ கைப்பிடிகிட்ட நில்லு." அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார். "மூணு தட்டுன்னா உள்ள. ரெண்டு தட்டுன்னா வெளிய. ரெண்டு கேக்குற வரைக்கும் அதத் தொடாத. என் தலைமேல சத்தியம் பண்ணு."

மகன் சிரிக்கப் பார்த்தான். அப்பாவின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "சத்தியம்," என்றான்.

அந்த மனிதரிடம் என்ன குறை இருந்தாலும், மகனுக்காகத் தன்னைப் பணயம் வைத்தார். அதை மறைக்கக் கூடாது. முட்டாளும் அல்ல. இரண்டு கனமான மரக் கட்டைகளை மேடைகளுக்கு அடியில் நிறுத்தினார். லிஃப்ட் என்ன ஆனாலும் கட்டை தாங்கும். தட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு இடது கையால் ஸ்பேனரை எடுத்து மேடையில் தட்டினார்.

மூன்று.

பலகையில் மல்லாந்து படுத்து உள்ளே உருண்டார்.

வெளிச்சம் காலோடு நின்றுவிட்டது. மூக்குக்கு ஒரு முழம் மேலே காரின் அடிவயிறு. மழை ஷட்டர் தகரத்தில் கொட்டியது. ஆயில் நாற்றம், அதைத் தாண்டிக்கொண்டு அந்தச் சோப்பு வாசனை. இப்போது மிக அருகில், வலது காதுக்குப் பக்கத்தில்.

அவர் வலது பக்கம் திரும்பவில்லை.

டார்ச்சைப் பூட்டின்மேல் அடித்தார். மாட்டிக்கொண்ட பல்லைத் தேடினார்.

பல் எதுவும் மாட்டியிருக்கவில்லை. பூட்டு முழுதாகத் திறந்திருந்தது. கம்பி அதை இழுத்துக் கட்டியிருந்தது, இடது பக்கமாக, மூன்று சுற்று.

அப்படியானால் காலையிலிருந்து இந்த வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது எது?

கட்டை. கட்டையாவது இருக்கிறதே என்று டார்ச்சைத் திருப்பினார். மேடைகளுக்கு அடியில் ஒன்றும் இல்லை. இரண்டு கட்டைகளும் தூரத்தில் சுவரோரமாக ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. விளிம்போடு விளிம்பு பொருந்த, அவசரமே இல்லாமல் அடுக்கி வைத்திருந்தது.

ஸ்பேனருக்காகக் கையை நீட்டினார். ஸ்பேனர் இல்லை.

வலது காதருகில் ஒருவன் மூச்சு விட்டான். பிறகு இன்னொரு பலகையின் சக்கரங்கள் உருளும் சத்தம். மெல்ல, மிக மெல்ல, அவருக்குப் பக்கத்திலிருந்து விலகி, வெளிச்சத்தை நோக்கிப் போயிற்று. யாரோ எழுந்து நிற்கும்போது முழங்கால் சொடக்கியது.

முதலாளிக்குப் புரிந்துவிட்டது.

பதினொரு வருடம் முன்பு உள்ளே போனவன் இப்போதுதான் வெளியே வருகிறான்.

டொக்.

டொக்.

"அவன் தட்டினான்!" என்று முதலாளி அலறினார். "நான் கேட்டேன்! நான்தான் கட்டினேன், நான்தான் இழுத்தேன், அவன் தட்டினான்!"

சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்லிவிட்டார். ஆனால் மழை தகரத்தை உடைப்பதுபோல் பெய்துகொண்டிருந்தது. அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அப்பா, வெளிய வந்துட்டீங்களா?" என்று மகன் கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.

டொக். டொக்.

"சரிப்பா. இறக்குறேன்."

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். மகனை உட்காரவைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார். பூட்டைக் கம்பியால் கட்டியிருந்ததையும், முறுக்கு இடதுகை முறுக்கு என்பதையும், தாங்கு கட்டைகள் சுவரோரம் கிடந்ததையும் குறித்துக்கொண்டார்.

"ரெண்டு தட்டு கேட்டுச்சு சார். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. நான் கேட்டுட்டுத்தான் இழுத்தேன்."

"அதிர்ச்சியில அப்படித்தான் தோணும் தம்பி. அடியில படுத்திருந்தவரு எப்படி வெளிய வந்துட்டேன்னு தட்டுவாரு?"

தாளில் இரண்டு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சொந்தக் கவனக்குறைவு.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு ஒரு அம்மா வந்து வாசலில் நின்றாள். கையெல்லாம் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்புகள்.

"நான் நிதானத்தோட வீட்டுக்காரி," என்றாள். "என்ன நடந்துச்சு தம்பி?"

யாரும் நம்பாததை அவன் அவளிடமும் சொன்னான். இரண்டு தட்டு என்றபோது அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படித் தட்டுச்சு? அவசரமாவா?"

"இல்லம்மா. நிதானமா. ஒவ்வொண்ணும் ஒரே அளவா."

"நீ பொய் சொல்லல. நான் நம்புறேன்." அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பதினொரு வருடம் அழாததெல்லாம் அந்த வாசலில் அழுதாள். "அப்ப அவரு வெளிய வந்துட்டாரு. வீட்டுக்கு வந்துடுவாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மழையில் இறங்கிப் போனாள்.

மறுநாளே ஷெட்டின் ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவியை மகன் எடுத்துப் போய்விட்டான். லிஃப்டை வாங்க யாரும் வரவில்லை. வெட்டி எடுக்கச் சொல்லி மூன்று பேரைக் கூப்பிட்டாயிற்று. வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வேறு வேலை இருக்கிறது என்று போய்விட்டார்கள்.

அப்பா இறந்த பதினேழாம் நாள். மழை விட்டு நல்ல வெயில். அம்மாவைப் பார்க்க வந்த மகன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். கூடத்துக் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால்.

ஷெட்டிலிருந்து வந்தது. டொக்டொக்டொக். பழைய மாதிரி அளந்து தட்டும் தட்டு அல்ல. ஒன்றின்மேல் ஒன்று விழுகிற, பொறுமை கெட்ட தட்டு.

"உங்கப்பா," என்றாள் அம்மா. "குளிக்கிற ரூம் கதவ அவரு இப்படித்தான் தட்டுவாரு."

மகன் சாப்பாட்டை விட்டு எழவில்லை. கையைக்கூட அசைக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சோறு ஆறியது. வெயில் ஜன்னலைத் தாண்டிச் சுவருக்குப் போயிற்று.

இரண்டு தட்டு கேட்கவில்லை.